கும்பிடுபூச்சிக்கு ஒரு மிட்டாய் ஜாடி

வேலூரில் கும்பிடுபூச்சி வளர்க்க விளக்கு வேண்டாம், ஹீட்டர் வேண்டாம். ஐரோப்பாவில் இதே பூச்சிகளை ஆசையாக வளர்ப்பவர்கள் பெட்டிக்கு மேலே சூட்டு விளக்கு மாட்டி, உள்ளே தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, குளிர்காலம் முழுக்கக் கரண்ட் பில் கட்டுகிறார்கள். நமக்கு அந்தச் செலவே கிடையாது. சுற்றிலும் பாறை மலை, பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை திருப்பித் தருகிறது. சித்திரை வைகாசியில் நாம் "முடியலைடா சாமி" என்று விசிறிக்கொண்டு உட்காரும் அதே சூட்டில்தான் இந்தப் பூச்சிகளில் சில நன்றாகத் தின்று, நன்றாகத் தோலுரித்து வளர்கின்றன.

அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்டால், ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். நம் வீடுகள் பூச்சி பிழைக்கக் கூடாது என்றே ஏற்பாடு செய்யப்பட்டவை. மேஜைக்கு அடியில் கொசுவத்தி, சுவரில் லிக்விட் மருந்து, கதவோரம் எறும்புச் சாக்பீஸ் கோடு, சமையலறை இடுக்கில் கரப்பான் ஜெல். இதற்கு நடுவே ஒரு பூச்சியை உயிரோடு வைத்துக்கொள்வதுதான் வேலை. மற்றதெல்லாம் எளிது.

என்னிடம் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, தோட்டத்திலும் வேலியிலும் எல்லாரும் பார்த்திருக்கும் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி. ஹைரோடூலா என்பது அதன் பேரினம். வளர்ந்த பெண் ஏழெட்டு சென்டிமீட்டர் வரும். சத்துவாச்சாரிப் பக்கம் மழை பெய்து ஓய்ந்த ராத்திரிகளில் ட்யூப்லைட்டைச் சுற்றி வந்து உட்காருவது பெரும்பாலும் இதன் ஆண்தான். இன்னொன்று, வயலின் வாத்தியத்தின் பெயர் கொண்ட வயலின் கும்பிடுபூச்சி. கோங்கிலஸ் கோங்கிலோடெஸ் என்று பெயர், லின்னேயஸ் 1758-லேயே பதிந்துவிட்ட இனம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் சொந்த ஊர். காய்ந்த குச்சி போல நீண்ட கழுத்து, தொடையெல்லாம் சருகு மடல், ஆணுக்கு இறகு போன்ற உணர்கொம்பு. காய்ந்த புதரில் இது உட்கார்ந்திருந்தால் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. காற்று வீசாதபோது ஒரு சருகு மட்டும் தனியாக ஆடினால் நின்று பாருங்கள்.

முதலில் வீடு. இதற்கென்று கடையில் கண்ணாடித் தொட்டி வாங்க வேண்டியதில்லை. பெட்டிக்கடைகளில் மிட்டாய், கடலைமிட்டாய் வைத்திருப்பார்களே, அந்தப் பெரிய பிளாஸ்டிக் ஜாடி போதும். காலியானதும் கேட்டால் பத்து, இருபது ரூபாய்க்குக் கொடுத்துவிடுவார்கள், சிலர் சும்மாவே தருவார்கள். அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு உயரம், இரண்டு மடங்கு அகலம். இதில் அகலம் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம். உயரத்தில் மட்டும் சமரசம் கூடாது. ஏன் என்பதைத் தோலுரிப்பு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

மூடியின் நடுவை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, லாங் பஜாரில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் கொசுவலைத் துணியை உள்பக்கமாக ஒட்ட வேண்டும். காற்று போக மட்டுமல்ல அந்த வலை. கும்பிடுபூச்சி தரையில் நடக்கிற பிராணி இல்லை, கூரையில் தலைகீழாகத் தொங்குகிற பிராணி. அதன் கால் நகம் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, வலையில் பிடிக்கும். ஜாடியின் சுவரிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை வலை ஒட்டி, சாய்வாக ஒரு நொச்சிக் குச்சி வைத்தால் ஏறி இறங்க வழி கிடைத்துவிடும்.

சரி, பூச்சி எந்நேரமும் மூடியில் தொங்கினால் மூடியை எப்படித் திறப்பது? திறக்கக் கூடாது. ஜாடியின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவு ஒரு ஓட்டை போட்டு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி அடைத்துவிடுங்கள், புது ஸ்பாஞ்சாக இருக்கட்டும். தீனி போடுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் அந்த வழியாகத்தான். பூச்சிக்கும் தொந்தரவு இல்லை, உள்ளே விட்ட ஈயும் வெளியே பறக்காது.

ஒரு ஜாடிக்கு ஒரு பூச்சி. பச்சைப் பூச்சிகள் பக்கத்தில் எது அசைந்தாலும் தின்றுவிடும், கூடப் பிறந்ததென்று பார்க்காது. வயலின் பூச்சிகள் மட்டும் விதிவிலக்கு. அவை பெரும்பாலும் பறக்கிற இரையைத்தான் பிடிக்கும் என்பதால், வயிறு காயாமல் பார்த்துக்கொண்டால் பெரிய வலைக்கூண்டில் நான்கைந்தை ஒன்றாக விடலாம். அவை ஒன்றையொன்று பார்த்து உடம்பை ஆட்டிக்கொண்டு, ஒரே குச்சியில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

எறும்பை மறக்கக் கூடாது. ஈயின் ஒரு கால் மிஞ்சிக் கிடந்தாலும் எறும்பு வாடை பிடித்து வந்துவிடும், வந்தால் தோலுரித்து மெத்தென்று தொங்கும் பூச்சியை உயிரோடு கடித்துத் தின்றுவிடும். சாக்பீஸ் கோடு போட முடியாது, எறும்பைக் கொல்வது கும்பிடுபூச்சியையும் கொல்லும். அதனால் ஜாடிகள் இருக்கும் ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தியிருக்கிறேன். வேலூர்க் கோட்டைக்கு அகழி வெட்டினவர்கள் செய்த அதே யோசனை. கோடையில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும், தினமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. கும்பிடுபூச்சிக்குக் கிண்ணம் வேண்டாம், வலையிலும் சுவரிலும் ஸ்பிரேயரால் தெளித்தால் துளித்துளியாக வாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கும். அந்தத் தண்ணீர் எதுவென்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எங்கள் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீருக்குத் தோல் தொழிற்சாலைக் கழிவு செய்த கேடு உச்ச நீதிமன்றம் வரை போன கதை, 1996-ல் தீர்ப்பும் வந்தது. எல்லா போர்வெல் தண்ணீரும் அப்படியில்லைதான். ஆனாலும் உப்புத் தண்ணீர் தெளித்தால் ஜாடியில் வெள்ளைவெள்ளையாகப் படிந்துவிடுகிறது. நாங்கள் குடிக்கிற தண்ணீர்தான் அவற்றுக்கும். பச்சைப் பூச்சிக்குத் தினமும் சாயங்காலம் லேசாக ஒரு தெளிப்பு, அக்னி நட்சத்திர நாட்களில் காலையிலும் ஒன்று. வயலின் பூச்சிக்கு ஈரம் தேங்கக் கூடாது, இரண்டு நாளைக்கு ஒருமுறை தெளித்து, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும். நாற்பது டிகிரியை வயலின் தாங்கும், பச்சை வாடிவிடும். அதனால் பச்சைக்கு வடக்குச் சுவரோரம் நிழல், வயலினுக்கு ஜன்னலோரம். மொட்டை மாடி அறையும் தகரக் கூரையும் இரண்டுக்குமே ஆகாது.

இனி தீனி. உயிருள்ள, அசைகிற இரைதான் வேண்டும். பிறந்த குஞ்சு கொசு அளவுதான் இருக்கும், அதற்குப் பழ ஈ. கனிந்த வாழைப்பழத் துண்டைப் பாட்டிலில் போட்டு, வாயில் காகிதத்தைப் புனல் போலச் சுருட்டிச் செருகினால் உள்ளே வந்த ஈக்கு வெளியே போகத் தெரியாது. இரண்டு மூன்று தோலுரித்த பிறகு வீட்டு ஈ, அந்துப்பூச்சி. அப்புறம் வெட்டுக்கிளி, சில்வண்டு, கரப்பான். இரை, பூச்சியின் நீளத்தில் பாதிக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எல்லாரும் கேட்கிறார்கள். காலண்டரைப் பார்க்காதீர்கள், வயிற்றைப் பாருங்கள். பசித்த பூச்சியின் வயிறு தட்டையாக ஒட்டிக் கிடக்கும், தின்றது உருண்டு பருத்திருக்கும். பொதுவாக வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு நல்ல இரை போதும். பெண் கூடுதலாகத் தின்னும்.

அது ஈ பிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஈ உட்கார்ந்தவுடன் உடம்பு அசையாது, தலை மட்டும் திரும்பும். பூச்சிகளில் இப்படிக் கழுத்தைத் திருப்பி நேருக்கு நேர் பார்ப்பவை மிகக் குறைவு. பிறகு காற்றில் ஆடுகிற தழை போல இடமும் வலமும் மெல்ல அசைந்து நகரும். ஒரு எல்லைக்குள் ஈ வந்ததும் கை நீண்டு மடங்கிவிட்டிருக்கும், நீண்டதை நம் கண் பார்த்திருக்காது. தூரத்தை அவ்வளவு துல்லியமாக அளப்பது இரண்டு கண்களையும் சேர்த்து. 1983-ல் சாமுவேல் ரோசல் என்ற ஆய்வாளர் அதன் கண் முன்னால் பட்டகம் வைத்து இதை நிரூபித்தார். 2016-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கும்பிடுபூச்சிக்குக் குட்டி முப்பரிமாணக் கண்ணாடியே தேன்மெழுகால் ஒட்டி மாட்டினார்கள். திரையில் ஓடிய பொய்யான பூச்சியை அது நிஜமென்று நம்பி எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

தின்று முடித்ததும் முன்கையை வாயில் வைத்து முள் முள்ளாகச் சுத்தம் செய்யும். பிறகு தொடையின் உள்பக்கம் உள்ள தூரிகை போன்ற மயிரால் கண்ணைத் துடைக்கும். அது முடியும்வரை ஜாடியைத் தொடாதீர்கள்.

இரையை எங்கிருந்து பிடிக்கிறோம் என்பதுதான் உயிர்நாடி. எங்கள் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் பெருமைதான். ஆனால் கத்திரித் தோட்டத்து வெட்டுக்கிளியை நான் பிடிக்க மாட்டேன். காய்ப்புழுவுக்காக எந்தத் தோட்டத்தில் எப்போது மருந்தடித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது, அரை மயக்கத்தில் இருக்கும் வெட்டுக்கிளிதான் கையில் சுலபமாக மாட்டும். வீட்டுக் கரப்பானும் அப்படியே, எந்த வீட்டு ஜெல்லை நக்கிவிட்டு வந்ததோ. பாலாற்று மணலோரப் புல், ஏரிக்கரை, மருந்து படாத காலி மனை இவைதான் என் வேட்டைக்காடு. ஈயைச் சாக்கடைப் பக்கம் பிடிக்காமல், தவிடும் பால்பவுடரும் பிசைந்து வைத்து வீட்டுக்கு வெளியே நாமே வளர்த்துக்கொள்ளலாம். கெட்ட இரை தின்ற பூச்சி வாயிலிருந்து பழுப்பாக நீர் வழியவிடும், ஜாடிச் சுவரில் கறை தெரியும். பார்த்ததும் தீனியை நிறுத்தி, ஜாடியை மாற்றி, தண்ணீர் மட்டும் கொடுங்கள். சில சமயம் பிழைக்கும்.

வீட்டுக்குள்ளும் அதே நியாயம். கொசுவத்தியிலும் லிக்விடிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. கொசுவின் நரம்பைத் தாக்குவது கும்பிடுபூச்சியின் நரம்பையும் விடாது. பக்கத்து அறையில் போட்டாலும் காற்றில் வந்து சேரும். நான் இந்தப் பூச்சிகளைக் கொண்டுவந்த பிறகு எங்கள் வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தோம், கட்டிலுக்குக் கொசுவலை கட்டினோம், சுவரில் இருந்த மருந்து பாட்டில்களைத் தூக்கிப் போட்டோம். டெங்கு காலத்தில் தெருவில் புகை மருந்து அடிக்க வருவார்கள். அது ஊருக்குத் தேவையானது, தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, ஜாடிகளை உள்ளறைக்குக் கொண்டுபோய் ஈரத்துணி போர்த்திவிடுகிறோம். இதை முதலில் ஓடிவந்து செய்வது அம்மாதான்.

அம்மாவுக்கு அது தின்றதா என்பதுதான் கவலை. "இன்னாடா, இன்னிக்கும் துன்னலையா அது?" என்று காலையில் காபி கையோடு வந்து நிற்பார்.

"தோலுரிக்கப் போவுதும்மா. ரெண்டு நாளைக்கு ஒண்ணும் வேணாம், வுடு."

கும்பிடுபூச்சி தீனியை மறுத்தால் முக்கால்வாசி அதுதான் காரணம். பிறந்ததிலிருந்து இறக்கை வரும்வரை ஏழெட்டு முறை தோலுரிக்கும். கண் கொஞ்சம் மங்கலாகும், கடைசித் தோலுரிப்புக்கு முன் முதுகில் இறக்கை மொட்டு உப்பிக்கொள்ளும், கூரையின் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு அசையாது. அந்த நேரத்தில் உள்ளே உயிருள்ள இரை எதுவும் இருக்கக் கூடாது. மெத்தென்று தொங்குகிற பூச்சியைச் சில்வண்டு கடித்துக் கொன்றுவிடும்.

பிறகு முதுகில், கழுத்துக்குப் பின்னால் தோல் கீறும். முதலில் வருவது முதுகு, அப்புறம் தலை குனிந்து வெளியே வழுகும், கண் வெளிறிப் போயிருக்கும். நூல் போல நனைந்த கால்கள் ஒவ்வொன்றாகப் பழைய காலுக்குள்ளிருந்து உருவப்பட்டு வரும். வயிற்றின் நுனி மட்டும் பழைய தோலில் ஒட்டியிருக்க, தலைகீழாகச் சற்று நேரம் தொங்கிக்கொண்டே இருக்கும். காலுக்குக் கொஞ்சம் பலம் வந்ததும் உடம்பை மேலே வளைத்து, தன் பழைய தோலையே பிடித்து ஏறும். பெரும்பாலும் அரை மணிக்குள் ஆகிவிடுகிற வேலை. ஆனால் அந்த அரை மணியில் அதன் முழு நீளத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கியிருக்கும். உயரம் போதாத ஜாடியில் தலை தரையில் முட்டும், கால் கோணி அப்படியே காய்ந்துவிடும். மூன்று மடங்கு உயரம் என்று அடித்துச் சொன்னது இதற்காகத்தான். சின்ன வயதில் ஒரு கால் போனால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்துவிடும், கடைசித் தோலுரிப்பில் கோணினால் அவ்வளவுதான். முழுக்கக் கெட்டிப்பட ஒரு நாளாவது ஆகும். அதுவரை தீனியும் வேண்டாம், தூக்கிப் பார்ப்பதும் வேண்டாம்.

சுத்தம் செய்வது பெரிய வேலையில்லை, விடாமல் செய்ய வேண்டிய வேலை. எச்சம் கடுகளவு உருண்டைகளாக, காய்ந்து, வாடையில்லாமல் கிடக்கும். அதனால் தொல்லை இல்லை. தொல்லை தருவது மிச்சம்தான். ஈயின் இறக்கையைத் தின்னாது, வெட்டுக்கிளியின் முள்ளுக்காலைக் கழித்துப் போடும், கரப்பானின் தலையோடு ஒட்டிய சதையையும் சில சமயம் போட்டுவிடும். அது ஈரம் பட்டால் கறுத்து நாறும், பூஞ்சை வரும், எறும்புக்கும் அழைப்பு போகும். ஜாடியின் அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்துவிட்டால், வாரம் ஒருமுறை சுருட்டி எடுத்து எறிந்துவிட்டுப் புதிது போடலாம். மண் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மிச்சம் எங்கே கிடக்கிறதென்று தெரியாது. கரப்பான் தின்ற மறுநாள் மட்டும் வாரத்துக்குக் காத்திருக்காமல் நீளமான இடுக்கியால் மிச்சத்தைப் பொறுக்கிவிட வேண்டும்.

மாதம் ஒருமுறை பூச்சியை வேறு ஜாடிக்கு மாற்றிவிட்டு, பழையதைச் சுடுதண்ணீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிடுகிறேன். பினாயில், வாசனைச் சோப்பு எதுவும் கிட்டே வராது. அந்த வேலையை வேலூர் வெயில் செய்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கொஞ்சம் கவனம். வெயில் வராது, வலை காயாது, இரண்டே நாளில் மூலையில் வெள்ளைப் பூஞ்சை பிடித்துவிடும். அப்போது தெளிப்பதைக் குறைத்து, ஃபேன் காற்று நேராகப் படாமல் அறைக்குள் ஓடவிட்டால் போதும். பூச்சியை மாற்றும்போது முதுகைப் பிடித்துத் தூக்காதீர்கள். முன்னால் விரலையோ குச்சியையோ நீட்டி, பின்னால் மெல்லத் தொட்டால் அதுவே ஏறி வரும். குஞ்சாக இருந்தால் வாட்டர்கலர் பிரஷ்.

எதிர்வீட்டுப் பாட்டி இதைப் பெருமாள் பூச்சி என்பார், அடிக்கக் கூடாதென்று தெருப் பிள்ளைகளுக்குக் கட்டளை. பிள்ளைகள் என்னிடம் வந்து, "அண்ணா, இது கடிச்சா விஷமா?" என்று கேட்பார்கள். விஷம் கிடையாது. முன்கை முள் குத்தினால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவே. ஒரு பையன் மட்டும், "எங்க நின்னாலும் அது என்னையே பாக்குதுண்ணா, கண்ணுல கறுப்புப் புள்ளி கூடவே வருது" என்றான். சரியாகக் கவனித்திருந்தான். அது கருவிழி இல்லை. ஆயிரக்கணக்கான குட்டிக் கண்களில் எவை நம்மை நேராக நோக்குகின்றனவோ அவற்றுக்குள் போன ஒளி திரும்பி வராததால், அந்த இடம் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. ராத்திரியில் அவனை வரச்சொல்லி இன்னொன்றும் காட்டினேன்: பகலில் பச்சையாக இருந்த கண் முழுக்க இருண்டு போயிருந்தது. இருட்டில் ஒளியைச் சேர்க்க அது செய்துகொள்கிற ஏற்பாடு. அதற்குக் காது ஒன்றே ஒன்று, அதுவும் மார்பின் அடியில் நடுவாக இருக்கிறது என்றதும் அவன் நம்பவில்லை. 1986 வரை விஞ்ஞானிகளும் கும்பிடுபூச்சி செவிடு என்றே நினைத்திருந்தார்கள். யேகர், ஹாய் என்ற இருவர்தான் அந்தக் காதைக் கண்டுபிடித்தார்கள். வௌவாலின் ஒலியைக் கேட்டுப் பறக்கும்போதே திசைமாறித் தப்பிக்க உதவும் காது அது.

ஆணா பெண்ணா என்பதை வயிற்றின் அடிப்பக்க வளையங்களை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்: ஆணுக்கு எட்டு, பெண்ணுக்கு ஆறு. ஜோடி சேர்க்க நினைத்தால், பெண்ணுக்கு முன்னதாகச் சில நாள் வயிறு நிறையத் தீனி கொடுங்கள், சேர்க்கிற நேரத்திலும் அதன் கையில் ஒரு இரை இருக்கட்டும். பெண் எப்போதும் ஆணைத் தின்றுவிடும் என்பது உண்மையில்லை, பட்டினி கிடந்தால் வாய்ப்பு மிக அதிகம். முடிந்ததும் ஆணைப் பிரித்துவிட வேண்டும்.

பெண், நுரையாகச் சுரந்து அதற்குள் முட்டையிடும், நுரை கெட்டிப்பட்டுக் கூடாகிவிடும். பச்சைப் பூச்சியின் ஒரு கூட்டிலிருந்து நூறுக்கு மேல் குஞ்சு வரலாம். வேலியில் கிடைக்கும் கூட்டைக் கொண்டுவந்தால் முதலில் உற்றுப் பாருங்கள். பக்கவாட்டில் ஊசியால் குத்தியதுபோல வட்ட ஓட்டைகள் இருந்தால் அதில் போடாக்ரியான் குளவி வேலை பார்த்திருக்கிறது. கும்பிடுபூச்சிக் கூட்டுக்குள் முட்டையிட்டு, உள்ளிருக்கும் முட்டையைத் தின்று வளர்கிற மிகச் சின்னக் குளவி. பெண் குளவியின் முட்டையிடும் ஊசி உடம்பைவிட நீளம். அதுவும் இந்த மண்ணின் உயிர்தான், கோபப்பட ஒன்றுமில்லை. கூட்டைத் திரும்ப வேலியில் கட்டிவிடுங்கள்.

ஓட்டையில்லாத கூடு கிடைத்தால் பிய்க்காதீர்கள், ஒட்டியிருக்கும் குச்சியோடு வெட்டி எடுங்கள். செடியில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி ஜாடிக்குள் கட்டித் தொங்கவிடுங்கள், கீழே கொஞ்சம் இடம் விட்டு. குஞ்சுகள் மெல்லிய இழையில் கீழே இறங்கித்தான் முதல் தோலை உரிக்கும். பொரிந்த அன்று தீனி தேவையில்லை, மறுநாளிலிருந்து பழ ஈ. நூற்றையும் வளர்க்க யாராலும் முடியாது. நான் ஏழெட்டை நிறுத்திக்கொண்டு, மற்றதை எடுத்த வேலிக்கே கொண்டுபோய்ச் சாயங்கால வெயில் தணிந்ததும் செடிக்குச் செடி தள்ளித் தள்ளி விட்டுவிடுகிறேன். முருங்கையும் ஆவாரையும் நல்ல இடம். எறும்புப் புற்று இருக்கிற செடியில் மட்டும் வேண்டாம்.